அப்பாக்கள் வகுப்பில் உனக்குப் பதில் நான்

செந்திலு,

இனியன் எந்த வருஷம் பிறந்தான் என்று கேட்டால் நீ தேதி சொல்வாய். எனக்குத் தேதி நிற்காது, நடந்தது நிற்கும். புயல் மழையில் தென்பெண்ணை கரை மீறிக் கடலூர்ப் பக்கம் ஊருக்குள் புகுந்த வருஷம் அது. எதிர்வீட்டு ராஜாமணி மகள் கல்யாணத்துக்குப் போட்ட பந்தல் காற்றில் எழும்பிப் போய் நம் வேப்பமரத்தில் மாட்டிக்கொள்ள, அதை இறக்க முடியாமல் பெண்ணையும் மாப்பிள்ளையையும் மரத்தடிக்கு அழைத்து வந்து தாலி கட்ட வைத்த வருஷம். கயலுக்கு வலி எடுத்தபோது குள்ளஞ்சாவடி வழியாக ஒரு பஸ் இல்லை. ராஜாமணி சம்பந்தி வீட்டார் வந்த வேனில்தான், வாழைத்தாரும் மேளக்காரரும் ஒருபக்கம், கயல் ஒருபக்கம் என்று ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிள்ளை பிறந்ததும் நான் வராந்தாவில் நின்று போனில் உன்னிடம், "ஆம்பளப் புள்ளடா!" என்று கத்தினேன். அங்கிருந்த நர்ஸம்மா, "தாத்தா, நீங்க போனை வச்சுட்டே கத்துங்க. கத்தாருக்கு நேராவே கேக்கும்" என்றாள். மைன்ஸில் பெல்ட் இரைந்து ஓடுகிற இடத்தில் காலமெல்லாம் சிந்தின மண்ணை வாரிப் போட்ட ஆளுக்குக் குரல் அப்படித்தான் இருக்கும். அதை மாற்ற முடியாது.

எனக்கு எழுத்து தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்லக் கயல் எழுதுகிறாள். நான் 'வூடு' என்றால் அவள் 'வீடு' என்று எழுதுகிறாள்; அது அவள் படித்த படிப்பு, விஷயம் என்னுடையது. எழுதி முடித்ததும் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவாளாம். போனில் பேசினால் நீ கட் பண்ணிவிடுகிறாய், அதனால்தான் கடிதம். இரண்டு வாரமாக என்னோடு நீ பேசவில்லை. கயலிடம் மட்டும், வைகாசி லீவு வேண்டாமென்று சொல்லிவிட்டதாகவும், இந்த மாசக் கடைசியில் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடப் போவதாகவும் சொன்னாயாம். "அதான் அங்க ஒரு அப்பா இருக்காரே" என்றும் சொன்னாயாம். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடு. நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

இனியன் தவழ ஆரம்பித்த சமயம், நம் தெரு அங்கன்வாடி டீச்சர் வசந்தா வீட்டுக்கு வந்து, சின்னப் பிள்ளை உள்ள வீடுகளில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தனித்தனியாக வகுப்பு நடத்துகிறோம் என்றாள். பிள்ளையோடு எப்படிப் பேசுவது, என்ன விளையாட்டுக் காட்டுவது, எப்படி ஊட்டுவது, இதெல்லாம் பாடமாம். எனக்குச் சிரிப்பு வந்தது. சோறு தின்பதற்கும் தூங்குவதற்கும் அடுத்து வகுப்பு வைப்பார்கள் என்று நினைத்தேன். அம்மாக்கள் வகுப்புக்குக் கயல் போய்வந்தாள். அப்பாக்கள் வகுப்பு சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் என்னிடம், "மாமா, நாளைக்கு அவரு பேரைக் கூப்புடுவாங்க. ஆள் இல்லன்னு எழுதிக்குவாங்க. எனக்கு ஒரு மாதிரியா இருக்கு. நீங்க போயிட்டு வாங்களேன்" என்றாள். அவள் என்னிடம் அதிகமாக எதுவும் கேட்கிற பெண் இல்லை. உன் கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன்.

அங்கே பார்த்தால் அப்பாக்களே இல்லை. பாதிப் பேர் ஷிஃப்டில், மீதிப் பேர் ஷிஃப்ட் முடிந்து தூக்கத்தில். வந்திருந்தது நானும், பம்ப் ஆபரேட்டராக இருந்து ரிட்டயர் ஆன நடேசனும்தான். அவன் பையன் பெர்மனென்ட், அன்று முதல் ஷிஃப்ட். நிஜமான அப்பா என்று ஒரே ஒரு பையன், காண்ட்ராக்டில் இருப்பவன், சுவரில் ஒட்டியிருந்த கத்தரிக்காய்ப் படத்தில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான். உட்காரப் பிள்ளைகளின் நாற்காலி. நடேசன் அதில் உட்கார்ந்துவிட்டான். டீச்சரைப் பார்த்து மரியாதைக்கு எழுந்தபோது நாற்காலியும் அவனோடு எழுந்தது. அதை ஒருபக்கம் ஆயாம்மாவும் ஒருபக்கம் நானும் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும்போதே டீச்சர் பேர் கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

"இனியனோட அப்பா?"

"உள்ளேன் அம்மா" என்றேன்.

டீச்சர் நிமிர்ந்து பார்த்தாள். "தாத்தா, நீங்களா அப்பா?"

"அவன் கத்தார்ல இருக்காம்மா. நான் ரிலீவரு."

நாற்காலியிலிருந்து விடுபட்ட நடேசன் சொன்னான்: "டீச்சர், இந்தாளு ரிலீவர் வரலன்னு அடுத்த ஷிஃப்டும் சேத்துப் பெல்ட்டுலயே நின்னவரு. நீங்க போன்னு சொன்னாலும் போவ மாட்டாரு. எழுதிக்கங்க."

நீ மைன்ஸில் வேலை பார்க்கவில்லை, அதனால் சொல்கிறேன். அங்கே அடுத்த ஆள் வந்து நிற்காமல் இருக்கிற ஆள் இடத்தை விட்டு நகரக் கூடாது. வந்து நிற்கிறவன் தன் பேரில் நிற்பதில்லை, அந்த இடத்தின் பேரில் நிற்கிறான். யாருடைய இடமோ, அவர் பேரைக் கூப்பிட்டால் ரிலீவர்தான் குரல் கொடுக்க வேண்டும். எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். அதையேதான் அங்கன்வாடியிலும் செய்தேன்.

டீச்சர் நல்லபடியாகத்தான் சொல்லிக் கொடுத்தாள். பிள்ளைக்குப் பேச்சு வரும் முன்பே நாம் பேச வேண்டும், செய்கிற வேலையை எல்லாம் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும், ஊட்டும்போது போனைக் கையில் கொடுக்கக் கூடாது என்றாள். "பதிலே சொல்லாத ஆளுகிட்ட எப்டிம்மா பேசிகினே இருக்கறது?" என்று நான் கேட்டேன். "ஏன், நம்ம சூப்பர்வைசர்கிட்ட நாம காலம்பூரா பேசல?" என்றான் நடேசன். பிறகு ஆளுக்கொரு பொம்மையைக் கொடுத்துக் குளிப்பாட்டச் சொன்னாள். நான் வாயைத் திறந்து, "அப்பா தண்ணி ஊத்தறேன்!" என்றேன். கத்தரிக்காயில் சாய்ந்திருந்த பையன் துள்ளி எழுந்து, "சைரன் ஊதிட்டாங்களா?" என்று செருப்பைத் தேடினான்.

'அப்பா தண்ணி ஊத்தறேன். அப்பா சோப்பு போடறேன். அப்பா தொடச்சி விடறேன். அப்பா சட்டை போடறேன்.' இதுதான் பாடம். சுவரில் எழுதி ஒட்டியிருந்ததை அந்தப் பையன் போனில் படம் பிடித்துக்கொண்டான். எனக்கு எழுத்தும் இல்லை, போனில் படம் பிடிக்கவும் வராது. அப்படியே மண்டையில் ஏற்றிக்கொண்டேன். என் மண்டையில் ஏறியது எப்படி ஏறியதோ அப்படியே இருக்கும், ஒரு சொல் முன்னே பின்னே போகாது. உன் கல்யாணத்தில் யார் எந்தப் பந்தியில் உட்கார்ந்து எதை இலையில் மிச்சம் வைத்தார்கள் என்று இன்றைக்கும் சொல்வேன். திங்கட்கிழமை காலையிலிருந்து, கயல் வடலூர்த் தையல் வேலைக்குக் கிளம்பிப் போனதும், நானும் இனியனும் பாடத்தை ஆரம்பித்துவிடுவோம். அப்பா தண்ணி ஊத்தறேன். அப்பா இட்லி ஊட்டறேன். அப்பா காக்கா காட்டறேன். அந்த இடத்தில் 'தாத்தா' என்று போட்டுக்கொள்ள வேண்டுமென்று எனக்குத் தோன்றவே இல்லை. உன் இடம், உன் வசனம், சொல்கிறவன் மட்டும் நான் என்றுதான் இருந்தேன். ராஜாமணி பெண்டாட்டி மதில் மேல் எட்டிப் பார்த்து, "அண்ணே, காலைலேந்து யாருகூட இப்டி மைக் வச்ச மாதிரி பேசிகினு இருக்கீங்க?" என்றாள். "வகுப்பும்மா, வீட்டுப்பாடம்" என்றேன். கயலும் ஓரிரு தரம் காதில் வாங்கியிருக்கிறாள். பிள்ளைக்கு மாமா அவன் அப்பாவைப் பற்றிக் கதை சொல்கிறார் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டாளாம். இப்போதுதான் சொல்கிறாள், அதையும் சிரித்துக்கொண்டே எழுதுகிறாள்.

பாடம் வேலை செய்தது, செந்திலு. அதுதான் வினை. பிள்ளை என் வாயையே பார்ப்பான். நான் நிறுத்தினால் கையால் தாடையைத் தட்டி, ஓட்டு என்பது போலக் காட்டுவான். இரண்டு வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை உனக்கு லீவு. கயல் போன் போட்டாள். அவன் என் மடியில். நீ, "இனியா, அப்பா சொல்லு, அப்பா" என்றாய். அவன் உன்னைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். என் மீசையைப் பிடித்து இழுத்து, "அப்பா" என்றான். அவன் பேசிய முதல் சொல். கயல் என்ன நடந்தது என்று புரியும் முன்பே கை தட்டிவிட்டாள். நீயும் கொஞ்சம் சிரித்தாய். "டேய், அது தாத்தாடா. நான்தான்டா அப்பா" என்றாய். அதற்கு அவன் உன்னைப் பார்த்துக் கையை ஆட்டி வழியனுப்பினான். போனில் வருகிறவர்களுக்குக் கடைசியில் கையாட்ட வேண்டும் என்று நாம்தானே பழக்கி வைத்திருக்கிறோம்? போன் இருட்டாகிவிட்டது. டவர் இல்லை என்று அப்புறம் கயலிடம் சொன்னாய். டவர் இருந்தது.

அன்றைக்குக் கயல் சாப்பிடவில்லை. இதை எழுத மாட்டேன் என்கிறாள். "மாமா, இது வேணாம், அவரு அங்க தனியா கெடக்கறாரு, படிச்சிட்டு மனசு கஷ்டப்படுவாரு." "எழுதும்மா. அவனுக்கு மட்டுந்தான் மனசு இருக்குதா?" இரண்டையும் எழுதச் சொல்லியிருக்கிறேன். எழுதியிருக்கிறாளா என்று நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

மறுநாளே நான் அங்கன்வாடிக்குப் போய், "டீச்சர், ஒரு தப்பு நடந்து போச்சி" என்றேன். கேட்டுவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் எழுந்துவிட்டன. "உங்களை யாரு தாத்தா அப்பான்னு சொல்லிக்கச் சொன்னது?" "நீங்கதாம்மா சொல்லிக் குடுத்தீங்க." அங்கே பேத்திக்குச் சத்துமாவு வாங்க வந்திருந்த நடேசன், "நல்ல வேளை, நீ அம்மாங்க வகுப்புக்குப் போவல" என்றான். ஊர் பூராவும் இதைச் சொல்லி வைத்ததும் அவன்தான். இப்போது டீக்கடையில் என்னைக் கண்டால், "வாப்பா இளந்தாரி, புள்ள நல்லா இருக்கானா?" என்கிறார்கள்.

நானே திருத்திவிடலாம் என்று பார்த்தேன். அன்றிலிருந்து, "தாத்தா தண்ணி ஊத்தறேன், தாத்தா தண்ணி ஊத்தறேன்" என்று தொண்டை கட்டுமளவுக்குச் சொன்னேன். இரண்டே நாளில் பிள்ளை பிடித்துக்கொண்டான். குளிக்கிற சொம்பைக் காட்டி, "தாத்தா" என்றான். இப்போது நம் வீட்டில் சொம்புதான் தாத்தா, நான் இன்னும் அப்பா. உன் கல்யாணப் போட்டோவை அவன் எட்டுகிற உயரத்தில் ஃப்ரிட்ஜில் ஒட்டினோம். கயல் முகத்தைத் தொட்டு "அம்மா" என்கிறான். உன் முகத்தைத் தொட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கையாட்டிவிட்டுப் போகிறான்.

அன்றைக்கு அங்கன்வாடியில் சிரித்து முடித்த பிறகு வசந்தா டீச்சர் ஒன்று சொன்னாள். "தாத்தா, அவன் மேல தப்பு இல்ல. கூடவே இருந்து குளிப்பாட்டி, ஊட்டி, பேசறவருக்கு ஒரு பேரு வேணும்ல, நீங்க குடுத்த பேரை வச்சிகினான். நீங்க அதட்டி மாத்தாதீங்க. அந்த ஆளு வந்து நிக்கட்டும். தானா மாறும்." "எப்ப மாறும்?" என்றேன். "மொதல்ல வரட்டுமே" என்றாள்.

அதனால்தான் வைகாசியில் வா என்கிறேன். கத்தார் வேலையை விடு என்று நான் சொல்லவில்லை. வந்து பார்த்துவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடு. உனக்கு இரண்டு வருஷம் என்பது ஒரு காண்ட்ராக்ட். இனியன் பூமிக்கு வந்தே இன்னும் அத்தனை நாள் ஆகவில்லை. வந்தால் என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், நான் அந்த வகுப்புப் படித்தவன் இல்லையா. உன்னைக் கண்டதும் அழுவான். நீ பாய்ந்துபோய்த் தூக்காதே. தரையில் உட்கார். அவனைப் பார்க்காத மாதிரி ஏதாவது ஒன்றை உருட்டிக்கொண்டிரு. அவனே வருவான், வந்து முதலில் உன் வாட்சைத்தான் பிடுங்குவான், கொடுத்துவிடு. சைரன் வைத்த பேட்டரி கார் எதுவும் வாங்கி வராதே. உன் மச்சான் ஒன்று கொண்டுவந்தான்; சத்தத்துக்குப் பயந்து இனியன் கட்டில் மேல் ஏறி நின்றுகொண்டு இறங்க மாட்டேன் என்றுவிட்டான். காலையில் நீ குளிப்பாட்டு. நான் துண்டை வைத்துக்கொண்டு வெளியே நிற்பேன், எட்டிப் பார்க்க மாட்டேன். 'அப்பா தண்ணி ஊத்தறேன்' என்று நீ சொல். மெல்லச் சொல்லு, என்னை மாதிரிக் கத்தாதே. சனிக்கிழமை வகுப்புக்கும் நீயே போ. நாற்காலியில் மட்டும் உட்காராதே.

இன்னும் ஒன்று. "பெத்தவன் நான், அப்பான்னு பேரு இன்னொருத்தருக்கா?" என்று கயலிடம் கேட்டாயாமே. அதற்குப் பதில் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க மாட்டேன். நீ நடை பழகின வயதில் யார் யாரை அப்பா என்று கூப்பிட்டாய் என்று உனக்குத் தெரியாது. முதல் ஷிஃப்ட் முடிந்து பஸ் வரும் நேரத்துக்கு உன் அம்மா உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு ஸ்டாப்பில் நிற்பாள். பஸ் நின்றதும் நீ வழுக்கிக்கொண்டு இறங்கி ஓடுவாய். மஞ்சள் ஹெல்மெட் போட்டவன் எல்லாம் உனக்கு அப்பா. எவன் முதலில் இறங்குகிறானோ அவன் காலைக் கட்டிக்கொண்டு, "அப்பா!" என்பாய். உன் அம்மாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும். "ஐயோ, விடுடா, அது மாமாடா" என்பாள். யார் விடுவது? காடாம்புலியூர் சம்பந்தம், தனக்கு வீட்டில் நாலு இருந்தும், உன்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, "எம்புள்ள, ஒனக்கென்னா?" என்று என்னிடமே கேட்பான். சேத்தியாத்தோப்பு தங்கராசு மிச்சம் வைத்த கேன்டீன் போண்டாவைக் காட்டி, சம்பந்தம் தோளிலிருந்தே உன்னைத் தன் பக்கம் இழுப்பான். ஜோசப் மேஸ்திரி பக்கத்து மாநிலத்துக்காரர், தமிழில் அவர் சண்டை போட்டு நான் கேட்டது அந்த ஒரு விஷயத்துக்குத்தான்: "இன்னிக்கு என் முறை." குள்ளஞ்சாவடி வேலுவுக்குப் பிள்ளை கிடையாது. அவன் ஒன்றும் சண்டை போட மாட்டான். மைன்ஸ் கேட்டிலேயே ஓடிவந்து கதவோரம் சீட்டைப் பிடித்துக்கொள்வான். எல்லாரும் பஸ்ஸில் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்திருக்க, அவன் மட்டும் தலையிலிருந்து எடுக்காமல், நம் ஸ்டாப் வருவதற்குள் மீசையைத் துடைத்துக்கொண்டு, முதல் ஆளாக இறங்கக் காத்திருப்பான்.

நான் எப்போதும் கடைசியில்தான் இறங்குவேன், என் சீட் பின்னால். ஒருநாள் ஹெல்மெட்டை மைன்ஸிலேயே விட்டுவிட்டு வெறுந்தலையோடு வந்தேன். நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். அப்புறம் என்னைச் சுற்றிக்கொண்டு வேலுவிடம் ஓடிவிட்டாய். பஸ்ஸே சிரித்தது, டிரைவர் உட்பட. உன் அம்மாதான், "பெத்தவரு இங்க நிக்கறாரு, இது எங்க ஓடுது பாரு" என்று கண் கலங்கினாள். எனக்கும் சுருக்கென்றுதான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் உன்னை நான் அதட்டவில்லை, அவர்களோடும் சண்டைக்குப் போகவில்லை. மறுநாளும் அதே பஸ்ஸில் வந்து அதே ஸ்டாப்பில் இறங்கினேன். அதற்கு மறுநாளும் இறங்கினேன். அவர்கள் எல்லாரையும் தாண்டிக்கொண்டு நேரே என்னிடம் நீ ஓடிவர ஆரம்பித்தது எந்த நாள் என்று, இத்தனையும் ஞாபகம் வைத்திருக்கிற எனக்கே தெரியாது. வேலு அதற்குப் பிறகும் ஹெல்மெட்டோடுதான் இறங்கிக்கொண்டிருந்தான், அது மட்டும் தெரியும்.

பார்க்கும்போதெல்லாம் அவர்கள் உன்னைத்தான் விசாரிப்பார்கள். சம்பந்தம் போய்விட்டான். ஜோசப் மேஸ்திரி ரிட்டயராகி ஊருக்குப் போய் அங்கேயே போய்ச் சேர்ந்தார். தங்கராசு கொரோனாவில் போனான். வேலு போன ஐப்பசியில் போனான்; கொள்ளி வைக்க அவன் அண்ணன் மகன் வந்தான். நீ அப்பா என்று கூப்பிட்டவர்களில் இன்றைக்கு உயிரோடு இருப்பவன் ஒருத்தன்தான்.

உன் அப்பா.